பதினேழாவது வரி

...நிம்மதியாகத் தூங்குங்கள் என்று எந்தப் பரிசோதனைக்கூடம் எழுதும், எந்த டாக்டர் எழுதுவார், யாரும் எழுத மாட்டார்கள், உலகத்தில் ஒருத்திதான் அப்படி எழுதியிருக்கிறாள், அந்த ஒருத்தி இந்த நாலாவது மாடியில் ஜன்னலோர மேசையில் ஆறிப்போன காபியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்... தங்கை போனை வைத்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும், குரல் மட்டும் போகாமல் காதுக்குள்ளேயே நிற்கிறது, "அக்கா, அப்படியே படிக்கிறேன் கேளு, உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்... தூங்குங்கள்னே போட்டிருக்கான் அக்கா, பன்னிரண்டு நாளா நான் தூங்கலைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தாள், சிரிக்கும்போதே மூக்கை உறிஞ்சினாள், சின்ன வயதில் விழுந்து எழுந்ததும் அப்படித்தான், அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்யாமல் இரண்டையும் செய்வாள். "நாளைக்கு டாக்டரைப் பார்க்கறதைக் கேன்சல் பண்ணிட்டேன். இவர் வேற லீவு போட்டுட்டாரா, வீணாக்க வேணாம், எங்கேயாவது போயிட்டு வரலாம்ங்கிறார், ஒரு வாரம். டெஸ்ட் பண்ணின கட்டிதானே, கிடக்கட்டும், அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துட்டாப் போச்சுங்கிறார், மனுஷனுக்கு வாயைப் பாரு." அதற்கு இவள் என்ன சொன்னாள்? "ரொம்ப நல்லதுடி" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள், தூங்குங்கள் என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியே அது தன் வாக்கியம் என்று தெரிந்துவிட்டதே, தெரிந்த பிறகும் நாக்கு தன்பாட்டுக்கு நல்லதுடி என்றதே, அது யாருடைய நாக்கு?

பொய் என்று உறுதியாகத் தெரியுமா, தெரியும், இந்த அலுவலகத்தின் வேலையே அதுதான், பரிசோதனைக்கூடங்கள் முடிவைக் கொடுக்கும், இங்கிருந்து அது நோயாளியின் போனுக்கு மெசேஜாகப் போகும், போகிற மெசேஜ் இரண்டே வகை, இரண்டையும் எழுதியவள் இவள். ஒன்று, உங்கள் பரிசோதனை அறிக்கை தயாராக உள்ளது, இணைப்பில் பெற்றுக்கொள்ளவும். அது வந்தால் பயமில்லை. மற்றது, உங்கள் பரிசோதனை அறிக்கை குறித்து மருத்துவரை நேரில் சந்திக்கவும்; அது வந்தால்... அது வந்தால் என்ன ஆகும் என்று இந்த மாடியில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, இங்கே ஆள் கிடையாது, எண்கள்தான். எடுத்த எடுப்பிலேயே யாரும் பயந்துவிடக் கூடாது, முதல் மூன்று சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று யோசனை சொன்னதும் இவள்தான், அன்றைக்கு மீட்டிங்கில் கைகூடத் தட்டினார்கள். மூன்றாவதாக ஒரு வாக்கியம் உண்டு, அது யாருக்கும் போவதற்கல்ல, மாதிரி, நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனைக்கூடத்து ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஓட்டிக் காட்ட வேண்டும், அவசரத்தில் மனதில் பட்டதை அடித்தாள், நிம்மதியாகத் தூங்குங்கள். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "மேடம், மெசேஜ் மாதிரி இல்ல, தாலாட்டு மாதிரி இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும். அது கான்ஃபிக் ஃபைலில், மெசேஜ் புரோகிராமின் அமைப்பெல்லாம் எழுதியிருக்கும் ஃபைலில், பதினெட்டாவது வரி. அதற்கு மேலே, பதினேழாவது வரியில்தான்...

பதினேழாவது வரியில் ஏபிஐ கீ இருந்தது. நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள வால், மெசேஜ் அனுப்பும் கம்பெனியின் கதவை இவர்களுக்குத் திறந்துவிடும் சாவி, அந்தக் கதவில் முகம் பார்ப்பவர் யாரும் இல்லை, சாவி எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் இந்த அலுவலகம், அவன் அனுப்பினால் இந்த அலுவலகம் அனுப்பியதாகவே போய்ச் சேரும், யாருக்கெல்லாம் மெசேஜ் காத்திருக்கிறதோ அந்த எண்களையும் அவன் எட்டிப் பார்க்கலாம். அதைத் தனியாகப் பூட்டி வைக்கப் பெட்டகம் என்று ஒரு இடம் உண்டு, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொது கான்ஃபிக் ஃபைலில் வைக்கக் கூடாது, அது இந்தத் தொழிலில் அரிச்சுவடி, புதிதாக வருகிறவர்களுக்கு அவளே பாடம் எடுக்கிறாள், சிரித்த முகத்தோடு, படம் போட்டு. அன்றைக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெட்டகம் திறக்க ஒருவர் அனுமதி வேண்டும், அவர் சாப்பிடப் போயிருந்தார், சரி, இப்போதைக்கு என்று ஃபைலிலேயே ஒட்டினாள், மேலே ஒரு குறிப்பும் எழுதினாள், தற்காலிகம், நாளை எடுத்துவிடுகிறேன். எடுக்காமல் இல்லை. எடுத்தாள். மறுநாள் இல்லை, மூன்றாம் நாள் இரண்டு வரியையும் அழித்தாள், கையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். தாலாட்டு என்றானே அவன் அப்போதும் விடவில்லை, "மேடம், வரியை அழிச்சாப் போதாது. அந்த ஃபைலோட பழைய பிரதி ஒண்ணு விடாம ஹிஸ்டரில உக்காந்திருக்கு. கீயையே மாத்தணும். சாவியைத் தொலைச்சவங்க பூட்டை மாத்துவாங்களா, தரையைப் பெருக்குவாங்களா?" "மாத்தலாம்ப்பா, நாளைக்கு மாத்தலாம்." ஒரு வாரம் கழித்து மறுபடி, ஒரு மாதம் கழித்து மறுபடி, "மேடம், அந்தக் கீ..." ஓயாமல் காதருகே வந்து ரீங்காரம் பண்ணுகிறான் என்று அவனுக்குக் கொசு என்று பெயர் வைத்தார்கள், வைத்தது யார், யோசித்துப் பார், வைத்தது யார்... சரி, அவளேதான். போன மாதம் கொசுவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறான் என்று. போகிற அன்று தன் கோப்பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "வரேன் மேடம். அந்தக் கீ..." என்றான், அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

இப்போது திரையில் அனுப்பிய பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறாள். பத்து மணி ஏழு நிமிடத்துக்கு நாற்பத்தொரு மெசேஜ், எல்லாம் ஒரே வாக்கியம், எல்லாம் இவர்கள் சாவியால் அனுப்பப்பட்டவை, எதுவும் இவர்கள் சர்வரிலிருந்து போகவில்லை. எங்கிருந்து போனது? ஒரு முகவரி இருக்கிறது, எண்கள்தான், அதற்குப் பின்னால் திருடனா, விளையாட்டுப்பிள்ளையா, எங்கோ ஒரு மேசையில் இந்தப் பழைய ஃபைலைத் திறந்து, இது என்ன சாவி, ஓட்டித்தான் பார்ப்போமே என்று பதினேழாவது வரியையும் பதினெட்டாவது வரியையும் அப்படியே எடுத்து ஓட்டிப் பார்த்த அசடா, தெரியாது. ஆறு மாதத்துக்கு முன் முழு ஃபோல்டரையும் ஹிஸ்டரியோடு சேர்த்து மூன்று பரிசோதனைக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள், புதிதாகச் சேர்ந்தவன் விலகிப்போனவன் எல்லார் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி, எத்தனை கை, எத்தனை கண், நாலு வருடம். இருபத்துமூன்றாவது எண்ணில் அவள் விரல் நின்றது, கடைசி நான்கு இலக்கம், அது அவளுக்கு மனப்பாடம், தங்கைக்கு அவள் வாங்கிக் கொடுத்த நம்பர். இன்னொரு பட்டியல் வலது பக்கம், காத்திருப்பவை, அங்கேயும் அதே நாற்பத்தொரு எண், இவர்களுக்கான உண்மையான முடிவு இனிமேல்தான் போக வேண்டும், எல்லாம் சேர்த்துப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போகும், தினமும் அப்படித்தான். என்ன வகை மெசேஜ் என்று அங்கே தெரியாது, தெரியக் கூடாது என்று பூட்டி வைத்தவளும்... ஆமாம், அதை மட்டும் ஒழுங்காகப் பூட்டினாள். மணி பத்து நாற்பது. தங்கைக்குப் போன் போட்டாள், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. மறுபடி போட்டாள், பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரிடம் பேசுவாள், அம்மாவிடம், மாமியாரிடம், நாத்தனாரிடம், பன்னிரண்டு நாள் வாயைக் கட்டிப்போட்டவள் இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுவாள், தூங்குங்கள்னே போட்டிருக்கான்... ஒரு மெசேஜாவது அனுப்பலாமா, வந்த மெசேஜை நம்பாதே என்று? அடித்தாள், அழித்தாள். மெசேஜை நம்பாதே என்று ஒரு மெசேஜ், அதை எதை நம்பி அவள் நம்புவாள்?

பின்னால் செருப்புச் சத்தம். மேலாளர். எதையும் விரலில் எண்ணிப் பட்டியலாகச் சொல்வதால் பட்டியல் என்று பெயர், அவருக்கும் தெரியும், கோபமில்லை. "பார்த்தீங்களா? ஹெல்ப் டெஸ்க்ல மூணு பேர் கேட்டுட்டாங்க. ஒரு அம்மா கேக்கறாங்க, எனக்கு ரத்தமே இன்னிக்குக் காலையிலதான் எடுத்தாங்க, அதுக்குள்ள எப்படிம்மா ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்கன்னு. ஜோசியமா பார்க்கறோம் நாம?" சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. கட்டைவிரலைத் தொட்டார், "ஒண்ணு, இது உள்ளாள் வேலை. ரெண்டு, போன மாசம் கடுப்போட போனவன் ஒருத்தன்தான். மூணு, சாவியைப் பத்தி மூச்சுக்கு முந்நூறு தடவை பேசினவனும் அவனேதான். கொசு கடிச்சிடுச்சு மேடம். அவன் இப்ப சேர்ந்திருக்கற இடத்துக்கு ஒரு லெட்டர் தட்டிடறேன், நீங்க சாட்சியா கீழ ஒரு கையெழுத்து போடுங்க." போட்டால் என்ன? யார் கேட்பார்கள்? அவள் தலையை மட்டும் அசைத்தாள், ஆமாம் என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார். ஏசி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது, எப்போதும் இரைவதுதான், இன்றைக்குத்தான் காதில் விழுகிறது. ஜன்னலுக்குக் கீழே சாலையில் ஒரு லாரி பின்னால் நகர்ந்தது, பீப் பீப் என்று, யாரோ கையைக் காட்டி வா வா என்கிறார்கள், இடிக்கப் போகிறது, இடிக்கவில்லை, இன்னும் வா...

கொசு இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இளையதுக்குக் காது கேட்பதில் ஏதோ குறை என்று ஒருமுறை சொன்னான், அவள் பாதிதான் கேட்டாள், மீதியும் கீ பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து. அவன் செய்திருக்க மாட்டான், எப்படித் தெரியும், அவன் செய்வதாக இருந்தால் அந்த வாக்கியத்தையா அனுப்புவான், அவன்தான் அதைத் தாலாட்டு என்றவன்... ஹிஸ்டரியைத் திறந்தாள். நான்கு வருடம் பின்னால் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதோ, பதினேழு, இதோ, பதினெட்டு, சிவப்பில் அழிக்கப்பட்ட வரிகளாக, அழிக்கப்பட்டும் எழுத்து எழுத்தாக அப்படியே, நேற்று எழுதியது போல. வலது ஓரத்தில் சேர்த்தவர் பெயர், தேதி. அழித்தவர் பெயர், தேதி. இரண்டும் ஒரே பெயர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் வாயால்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுக் கெட்டிருக்கிறாள். ஹிஸ்டரியையே திருத்தி எழுத முடியும், அந்த அதிகாரம் இந்த மாடியில் இரண்டே பேருக்கு, அதில் ஒருத்தி இவள், பத்து நிமிட வேலை, அந்த இரண்டு வரியும் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்று ஆக்கிவிடலாம், கொசுவின் பெயர் அந்த லெட்டரில் இருக்கும், இவள் பெயர் எங்கும் இருக்காது... விரல் கீபோர்டின் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது? மணி பதினொன்று பத்து. அதையும் பெருக்கத்தான் போகிறாயா, தரையை? யார் கேட்டது, கொசுவின் குரலா, தங்கையின் குரலா, அவளுடையதேதானா? இங்கே அழித்தாலும் எங்கோ இருக்கிற பிரதியில் அழியாது, சாவி இன்னும் திறக்கும், பன்னிரண்டு மணிக்கு உண்மையான முடிவு போகும், பன்னிரண்டு ஒன்றுக்கு மறுபடி அந்தத் தாலாட்டு போகும், தங்கை எதை எடுத்துக்கொள்வாள்? எல்லாரும் எதை எடுத்துக்கொள்வார்களோ அதைத்தான். சாவியை மாற்ற வேண்டும், பன்னிரண்டுக்குள். மாற்ற இரண்டு பேர் சம்மதம் வேண்டும், இரண்டாமவர் பட்டியல். ஏன் என்று கேட்பார்.

கேட்டார். கண்ணாடி அறைக்குள் அவர் லெட்டர் அடித்துக்கொண்டிருந்தார், நிமிராமலே, "இப்ப மாத்தினா எல்லாம் நின்னுடும் மேடம், பதினோரு இடத்துல புதுசு போடணும், சாயங்காலம் நிதானமா பண்ணலாம், முதல்ல இவனை ஒரு வழி பண்ணிடறேன்" என்றார். "அவன் இல்ல சார்." "பின்ன?" "பதினேழாவது வரி." "என்ன பதினேழு?" சொன்னாள். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நான்கு வருடமாகப் பயந்தாளோ அவ்வளவு ஆகவில்லை, மூன்று வாக்கியம், கீயை ஃபைலில் வைத்தது நான், அழித்தேன், மாற்றவில்லை. அவர் கை கட்டைவிரலைத் தேடியது, ஒன்று என்று ஆரம்பிக்க, ஆரம்பிக்கவில்லை. "நாலு வருஷமாவா?" "நாலு வருஷமா." "புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே பாடம் எடுக்கறீங்க?" "ஆமா சார்." "நாற்பத்தொரு பேரு மேடம்." "தெரியும் சார். அதுல ஒண்ணு என் தங்கச்சி." அவர் அவளைப் பார்த்தார், அப்படி அவர் பார்த்து அவள் பார்த்ததில்லை, அதட்டியிருந்தால் தேவலை. பிறகு லெட்டரை மூடினார், சேமிக்கவா என்று அது கேட்டது, வேண்டாம் என்று அழுத்தினார். "போங்க. மாத்துங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." அப்புறம் என்ற சொல்லை அவர் இறக்கி வைத்த விதம், ஏதோ கனமான சாமானைத் தரையில் வைப்பது போல... இருக்கட்டும், அது அப்புறம்.

பதினொன்று முப்பத்தைந்து. பழைய சாவியை ரத்து செய்தாள், உறுதியா என்றது, உறுதி, அவ்வளவுதான், அந்த வால் செத்துவிட்டது, எங்கோ ஒரு மேசையில் இருக்கிறவன் இனி அழுத்தினால் கதவு திறக்காது. புது சாவி வந்தது, புதிய நாற்பது எழுத்து, அதைக் கண்ணால் படிக்கக்கூட இல்லை, நேரே பெட்டகத்துக்குள், ஒவ்வொரு சர்வரும் அங்கேயிருந்து தானே எடுத்துக்கொள்ளும்படி, கான்ஃபிக் ஃபைலில் பெட்டகத்தின் பெயர் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, அவளும் விரல்விட்டு எண்ணினாள். ஏழாவது இடத்தில் ஒரு பிழை, திரையில் மேலும் கீழும் தேடிச் சரி செய்தாள். நடுவில் போன் போட்டாள், இந்தமுறை அடித்தது, தங்கை வீட்டுக்காரர் எடுத்தார், "அவ குளிக்கறா அண்ணி, பாட்டுச் சத்தம் கேக்குதா, பன்னிரண்டு நாளைக்கு அப்புறம் பாடறா, என்ன சொல்லணும் சொல்லுங்க." பின்னால் தண்ணீர்ச் சத்தத்தோடு ஏதோ ஒரு பாட்டு, சுருதி சேராமல், அவளுக்கு எப்போதும் சேராது. சொல்லு, வாயைத் திற, சார்கிட்ட சொன்னாயே மூன்று வாக்கியம்... "வந்ததும் பேசச் சொல்லுங்க." அவ்வளவுதானா? அவ்வளவுதான் வந்தது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினோராவது இடம். காத்திருப்பவை நாற்பத்தொன்று. திரையை அவள் பார்த்தாள், பட்டியல் பின்னால் வந்து நின்று பார்த்தார். பன்னிரண்டு. நாற்பத்தொன்று முப்பதானது, பன்னிரண்டானது, பூஜ்யமானது. "எல்லாம் நம்ம சர்வர்லேர்ந்துதான் போயிருக்கு, வெளியிலேர்ந்து ஒண்ணுகூட இல்ல" என்றார் அவர், மூச்சை விட்டார். சுத்தம். நான்கு வருடத்தில் முதல்முறையாகச் சுத்தம்.

போன் அடித்தது. "அக்கா, கூப்பிட்டியாமே? நான் பாடிட்டு இருந்தேனாம், அதையும் கேட்டியாமே, மானமே போச்சு. இரு இரு, இப்பத்தான் இன்னொண்ணு வந்திருக்கு, அதே இடத்துலேர்ந்து. மறுபடியும் தூங்கச் சொல்றானோ என்னவோ. தலை ஈரமா இருக்கு, கண்ணாடி இல்லாம எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது... உங்கள்... பரிசோதனை... அறிக்கை... இரு, கண்ணாடியை எங்கே வெச்சேன், ஏங்க, என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?" போனை எதன் மேலோ வைக்கிற சத்தம். மூன்று சொல்லும் ஆயிற்று, மூன்றும் இரண்டு மெசேஜிலும் ஒன்றேதான், யாரும் பயந்துவிடக் கூடாது என்று. இழுப்பறை திறக்கிறது, மூடுகிறது, அலமாரியாக இருக்கும், கட்டிலடியில் இருக்கிறதா பாருங்கள் என்கிறாள், வீட்டுக்காரர் ஏதோ கேலி சொல்ல அவள் சிரிக்கிறாள். முதலில் வந்தது பொய்யடி என்று இப்போதாவது சொல்ல வேண்டும், அவள் திரும்பி வருவதற்குள், வாய் திறந்துதான் இருக்கிறது... திரையில் பழைய சாவியின் பெயருக்கு எதிரே ரத்து, ரத்து என்று சிவப்பில் நின்றுகொண்டிருந்தது, அவள் கையால் செய்தது, திரும்பிச் செய்ய முடியாதது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மெல்லத்தான் உறைத்தது, அந்த முகம் தெரியாதவன் எங்கோ இன்னும் சாவியோடு இருக்க வேண்டும், இதையும் அவனே அனுப்பியிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். "கிடைச்சிடுச்சு அக்கா" என்றது போன், "இரு, முதல்லேர்ந்து படிக்கிறேன்."